ஏழு துளைச் சேவல்

மணிக்கு எண்பது யூரோ, படகுச் செலவு தனி.
அப்படித்தான் பேசியிருந்தோம்
நானும் போதகர் எண்ட்லாவும், பிப்ரவரியில், தொலைபேசியில்.
கோபுர உச்சியில் ஒரு சேவல்.
அச்சு தேய்ந்துவிட்டது, இறக்கி ஏற்ற வேண்டும்.
எனக்குச் சாமி இல்லை.
பாரந்தூக்கி இருக்கிறது,
அதற்கு நாற்பது மீட்டர் கை இருக்கிறது.

தீவில் இறங்கினால் கோவில் முற்றத்தில் கூட்டம்.
ஞாயிறு ஆராதனைக்கு ஒன்பது பேர் வருவார்களாம்.
செவ்வாய்க்கிழமை சேவலுக்கு
ஊரே நின்றது,
மீன் அறுத்த கையோடு, ரப்பர் பூட்ஸோடு,
ஒன்றையொன்று முறைக்கும் இரண்டு நாய்களோடு.

கீழிருந்து பார்த்தபோது புறா.
கொக்கியில் தொங்கி இறங்க இறங்க
வளர்ந்துகொண்டே வந்தது;
தரை தொட்டபோது கன்றுக்குட்டி.
செம்புத் தகடு, களிம்பேறிய வால்,
கொண்டையில் பொன்முலாம் நகக்கண் அளவு மிச்சம்.
யாரும் பேசவில்லை.
ஒரு பையன்தான் கேட்டான்:
"இதுக்கு ஒரு கண்ணுதானா?"

மறு கண் இருந்த இடத்தில் துளை.
கழுத்தில் ஒன்று, வயிற்றில் நான்கு, வாலில் ஒன்று.
யார் சுட்டது?
ஜார் படை என்றார் ஒருவர்.
ஜெர்மன்காரன் என்றாள் ஒருத்தி.
கோவிலை உப்புக் கிடங்காக்கிய நாளில்
காவலுக்கு நின்ற சிப்பாய், குடித்துவிட்டு, சலிப்பில்,
என்றார் இன்னொருவர்.
"எங்கப்பா" என்றான் ஹெல்மார்,
பற்றவைக்க வந்திருந்த தகரக்காரன்.
"பதினாலு வயசுல, பந்தயத்துக்கு. ஒரே ஒரு குண்டு.
எதுன்னு சொல்லாமலே போயிட்டார்."

பிறகு கேட்டான்:
ஏழையும் அடைச்சுடவா? அரை நாள் வேலை.

பாதித் தலைகள் ஆடின.
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் வைகே
ஆட்டவில்லை.
"அடைச்சா ஊமையாயிடும்" என்றாள்.
வாடை இளசாக வீசினால் கழுத்து சீழ்க்கையடிக்கும்.
முற்றினால் வயிறு முனகும்.
கண்ணும் சேர்ந்து அலறினால்
வலையைச் சுருட்டு, படகை ஏற்று,
பிள்ளைகளைப் பெயர் சொல்லி எண்ணு.

எனக்காகப் போதகர் விளக்கினார்.
கிடங்கான காலத்தில் மணியை உருக்கினார்கள்,
சிலுவையைக் கழற்றினார்கள்,
அன்றைய போதகரை ரயிலேற்றினார்கள்.
சேவலையும் இறக்க வந்தபோது
ஊர் கூடி ஒரு தாள் எழுதிக் கொடுத்தது:
'இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை.
இது காற்றுத் திசை காட்டும் கருவி மட்டுமே.'
அறுபத்தெட்டுக் கையெழுத்து.
பிறகு நாற்பது வருஷம்
மணியில்லாத ஞாயிறுகளில்
அந்தச் சீழ்க்கைக்கு
ஏதோ ஒரு வீட்டில் முழங்கால் மடிந்தது.
மற்ற வீடுகள் வலையைப் பார்த்துக்கொண்டன.

"மறுதலித்தவனுக்காகத்தான்
கோபுரத்தில் சேவல் வைக்கிறது" என்றார், சிரிக்காமல்.
"நாங்கள் அறுபத்தெட்டுப் பேரின் வீட்டுப் பிள்ளைகள்."

கை தூக்கச் சொன்னார்கள்.
அடைக்க முப்பது, விட்டுவிட முப்பத்தொன்று.
என்னை யாரும் கேட்கவில்லை.
எனக்குப் பின்னால் பாரந்தூக்கியின் கை
உயர்ந்தே நின்றது;
அதையும் எண்ணிவிட்டார்களோ என்னவோ.

ஹெல்மார் குழலை அணைத்தான்.
புது அச்சுக்கு எண்ணெய் விட்டான்.
ஒவ்வொரு துளையிலும் சுண்டுவிரலை விட்டு எடுத்தான்,
மோதிரம் அளவு பார்க்கிறவன்போல.
நாலாவது துளையில் கொஞ்சம் நேரம் பிடித்தது.
ரத்தம் கட்டிய விரலை வாயில் வைத்துக்கொண்டு
தூக்கு என்று எனக்குச் சைகை காட்டினான்.

ஐந்தரைப் படகு.
'காத்திருப்பு, மூன்று மணி நேரம்' என்று
கணக்குத் தாளில் எழுதினேன், அடித்தேன்.
டீசலை யார் தருவார்?
ஒன்றரை என்று மறுபடி எழுதினேன்.

வைகே கயிற்றை அவிழ்த்தாள்,
நிமிர்ந்து பார்க்கவில்லை,
காது மட்டும் கோபுரத்துப் பக்கம் சாய்ந்திருந்தது.
எனக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்டது.